வாரம் என்னும் அலகு: ஈராசிரியர் மலைப்பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை

நேரக் கணக்கு

எந்தக் கற்பித்தல் முறையும் ஆசிரியரின் கையில் உள்ள நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணிகளும் வேண்டும் என்கிறது. நாளைக்கு 4 மணி நேரம்; ஐந்து நாள் வாரத்துக்கு 20 மணி நேரம். அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வரையறுக்கிறது. கல்வராயன்மலையைப் போலச் சிற்றூர்கள் தள்ளித் தள்ளி அமைந்த பகுதியில் பள்ளிகள் சிறியவையாகவே இருக்கும். ஐந்து வகுப்புகளை இருவர் பிரித்துக்கொள்ளும்போது ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒருவரிடமும், நான்கும் ஐந்தும் மற்றவரிடமும் சேர்வதே பெரும்பாலும் நடக்கும். இந்த அத்தியாயம் அந்த முதல் ஆசிரியருக்காக எழுதப்பட்டது.

மூன்று வகுப்புகளுக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தினால் என்ன ஆகும்? 20 மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு வாரத்தில் 6 மணி 40 நிமிடம் ஆசிரியர் நேரில் கிடைப்பார். அதைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பிரித்தால் ஒரு பாடத்துக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டு வகுப்புகளும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இப்போது வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் மூன்று வகுப்பும் ஒன்றாக உட்காரட்டும். வாரத்தில் 5 மணி நேரம் எல்லாருக்கும் முழுமையாகக் கிடைத்துவிடும். மீதி 15 மணி நேரத்தைக் கற்றல் நிலைப்படி அமைந்த மூன்று குழுக்களுக்குப் பகிர்ந்தால் குழுவுக்கு 5 மணி நேரம். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 10 மணி நேரம் ஆசிரியர் நேரில் கிடைக்கிறார். கூடுதல் ஆசிரியர் இல்லை, கூடுதல் பணம் இல்லை. பிரிக்கும் முறை ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவினை ஒரு நாளுக்குள் அடங்காது. ஒரு நாளில் ஒரு குழுவுக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவுமாக நேரம் போகும். வாரக் கடைசியில்தான் சமனாகும். எனவே இப்படிப்பட்ட பள்ளியில் திட்டமிடும் அலகு பாடவேளையும் ஆகாது, பாடநூலின் பாடமும் ஆகாது; வாரமே அலகாக இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதைத்தான்.

ஏன் வாரம்?

நேரம் ஒரு காரணம். இரண்டாவது காரணம் நினைவு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட அதே உழைப்பை நாள்களில் பரப்பினால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று காட்டினார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தே வந்திருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் 'சா' எழுதிய பிள்ளை வெள்ளிக்கிழமை அதை மறந்திருக்கலாம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என நான்கு நாள், ஒவ்வொரு முறையும் வேறு வேலையில் அதே எழுத்தைச் சந்தித்த பிள்ளைக்கு மறப்பதற்கான வாய்ப்பு குறைகிறது.

மூன்றாவது காரணம் வருகை. மலையில் பள்ளிக்கு வராத நாளுக்குக் காரணங்கள் உண்டு: மழையில் ஓடை பெருகுவது, அறுவடை வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்குப் பிழைப்புக்குப் போகும் பெற்றோருடன் சேர்ந்து போவது. பாடத்தை நாள்வாரியாக நகர்த்தும் முறையில், இரண்டு நாள் வராத பிள்ளை அந்த இரண்டு நாளின் பாடத்தை முழுவதுமாக இழக்கிறது. ஒரே இலக்கை வாரத்தில் நான்கு முறை சுற்றிவரச் செய்தால், எந்த இரண்டு நாள் வராமல் போனாலும் குறைந்தது இரண்டு முறை அந்தப் பிள்ளை அதைச் சந்தித்துவிடும். வருகையைக் கூட்ட வேண்டிய கடமை குறையப் போவதில்லை. தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்திருப்பது அதற்குப் பெரிய துணை. ஆனாலும் முழு வருகையை நம்பி மட்டுமே போட்ட திட்டம் வராத பிள்ளையைக் கைவிட்டுவிடும். வாரத் திட்டம் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது.

நான்காவது காரணம், வகுப்பும் கற்றல் நிலையும் ஒன்றல்ல என்பது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய துணை வகுப்புகளை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே கற்பித்தால் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது என்றது. அதைவிட நமக்குப் பயன்படும் பாடம் பின்னர் நடந்த முயற்சிகளில் இருக்கிறது. பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்தபோது வகுப்பறையில் பெரிய மாற்றம் வரவில்லை. ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, வகுப்பு பாராமல் நிலைப்படி பிள்ளைகளை அமர்த்தி, மேற்பார்வையும் கொடுத்தபோது அரசுப் பள்ளி ஆசிரியர்களே மொழிப்பாடத்தில் முன்னேற்றம் காட்டினர். பயிற்சி பெற்ற ஆசிரியர் நல்ல மனத்தோடு இருந்தால் மட்டும் போதாது. கால அட்டவணையில் அந்த மணி நேரம் காக்கப்பட வேண்டும் என்பதே இதன் பொருள்.

நிலைப்படிக் கற்பிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை அடியொற்றிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளும் ஏணிப்படிகளும் பிள்ளையை அதன் வேகத்தில் போகவிட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையோடு தனியே இருந்ததால் வகுப்பே ஒன்றாகப் பேசும் நேரம் குறைந்தது அதன் பலவீனம். பெருந்தொற்றுக்குப் பின், 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளையும், கதை, பாடல், படைப்பு ஆகியவற்றுக்கான களங்களையும், ஆசிரியர் கையேட்டையும், பயிற்சி நூலையும் தந்திருக்கிறது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த திட்டம், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. ஆகவே கருவிகள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வாரத்துக்குள் எப்படிக் கோப்பது என்பதுதான் மிச்சம்.

திங்கள் முதல் வெள்ளி வரை

சாமை அறுவடைக் காலத்தில் வரும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு பொருள், தமிழில் ஓர் இலக்கு, கணக்கில் ஓர் இலக்கு, இவ்வளவே போதும். பொருள் சாமை. தமிழ் இலக்கு: அரும்புக்கு ஆகார, ஐகாரக் குறிகள், மொட்டுக்கு மூன்று நான்கு சொல் கொண்ட வாக்கியங்களைப் படித்தல், மலருக்கு ஐந்து வரிப் பத்தியைப் படித்துத் தன் சொல்லில் எழுதுதல். கணக்கு இலக்கு: பத்துகளாகக் கட்டி எண்ணுதல். பொருள் ஒன்று, படிகள் மூன்று. மூன்று குழுவும் ஒரே பேச்சிலிருந்து கிளம்புவதால் ஆசிரியர் மூன்று பாடங்களைத் தயாரிக்க வேண்டியதில்லை. ஒரே பாடத்தை மூன்று ஆழத்தில் தயாரித்தால் போதும்.

திங்கட்கிழமை பேச்சுக்கு உரியது. சாமையை யார் விதைத்தார்கள், எப்படி அறுத்தார்கள், எப்படிக் குத்திப் புடைத்தார்கள் என்று பிள்ளைகள் சொல்லட்டும். அவர்கள் சொல்லும் வாக்கியங்களில் நான்கைந்தை அவர்கள் கண்முன் கரும்பலகையில் எழுத வேண்டும். தன் வாய்ச்சொல் எழுத்தாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பது புரிந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கல்வராயன்மலையின் மலையாளி பழங்குடிப் பிள்ளைகளின் வாய்மொழி தமிழே. ஆனாலும் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போல அவர்கள் காதில் விழுவது 'சாமெ', 'மலெ'. பாடநூலில் இருப்பது 'சாமை', 'மலை'. காதில் 'எ' கேட்டு 'மலெ' என்று எழுதும் பிள்ளை கவனமாகக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறது. அதைத் தவறு என்று அடிக்காமல், 'நாம் இப்படிப் பேசுகிறோம், புத்தகத்தில் இப்படி எழுதுகிறோம்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், ஐகாரக் குறியைக் கற்பிக்கும் வேலை பாதி முடிந்தது. திங்கள் மாலை கணக்கு நேரத்தில் கடுக்காயையோ புளியங்கொட்டையையோ குவியலாக வைத்து எத்தனை இருக்கும் என்று முதலில் உத்தேசமாகச் சொல்லச் சொல்லி, பிறகு எண்ணச் செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை எழுத்துக்கு உரியது. நிலைக்குழுக்கள் அன்று முதல் வேலை தொடங்கும். தமிழ் எழுத்து 247 என்று எண்ணி மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் வடிவம் 18, ஆய்தம் 1, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1 என்று பார்த்தால் கற்க வேண்டிய அடிப்படை வடிவங்கள் 43. வாரத்துக்கு இரண்டு என்றால் 22 வாரம். ஐந்து நாள் வாரமாக எண்ணினால் ஆண்டுக்கு 40 வாரங்கள் இருப்பதால், மீதி 18 வாரங்களை மீள்பார்வைக்கும் வாசிப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். உகரமும் ஊகாரமும் மெய்க்கு மெய் வேறு வேறு விதமாக ஒட்டுவதால் அந்த இரண்டு வரிசைகளுக்கும் அந்த மீதியிலிருந்து கூடுதல் வாரங்கள் கொடுக்க வேண்டும். அரும்புக் குழுவோடு ஆசிரியர் அமரும்போது, மொட்டுக் குழு திங்களன்று கரும்பலகையில் எழுதிய வாக்கியங்களைச் சொற்களாக வெட்டி மீண்டும் கோக்கும். மலர்க் குழு படித்தல் களத்தில் இருவர் இருவராக வாசிக்கும். இடையில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் குழு மாறுவார். திங்கட்கிழமை வராத பிள்ளையை மலர்க் குழுப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் பத்து நிமிடம் அமர்த்தி, நேற்றுப் பேசியதைக் கேட்கவைத்தால் அது வாரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

புதன்கிழமையின் கனம் கணக்கில். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி, கட்டும் உதிரியுமாக 34, 43 என்று வைத்து ஒப்பிடுதல். மலர்க் குழுவுக்கு விலைச்சீட்டு வைத்து வாங்கல், மீதிச் சில்லறை. சந்தையும் கடையும் தெரிந்த பிள்ளைகளுக்குக் கணக்கு எளிதாக வந்துவிடும் என்று நினைப்பது தவறு. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, மனக்கணக்கில் வியாபாரத்தைச் சரியாக முடிக்கும் பிள்ளைகள் அதே கணக்கைப் பள்ளி வடிவில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள் என்றும், பள்ளியில் மட்டும் கற்ற பிள்ளைகள் நடைமுறைக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்றும் காட்டியது. ஆகவே கையில் குச்சிக் கட்டு இருக்கும் அதே வேளையில் நோட்டில் எண் எழுதப்பட வேண்டும். செய்ததைச் சொல்லி, சொன்னதை எழுதி, எழுதியதை மீண்டும் செய்துகாட்டும் சுற்று அன்றே முடிய வேண்டும். கிழமையின் பெயரோடு அன்றைய காலை உணவு என்ன என்பதை நாள்தோறும் வகுப்பு வாசலில் எழுதி வைத்தால், ஒவ்வொரு நாளும் ஒரு சொல் தனி முயற்சியின்றிப் படிக்கப்படும். கிழமைகளின் பெயரும் வரிசையும் சேர்ந்தே மனத்தில் ஏறும்.

வியாழக்கிழமை பாடநூலுக்கும் பயிற்சி நூலுக்கும் உரியது. மூன்று நாள் பேசி, வெட்டி, கோத்து, எண்ணியபின் அச்சிட்ட பக்கத்தைத் திறந்தால் அதில் தெரிந்த எழுத்துகளும் தெரிந்த வடிவக் கணக்குகளும் இருக்கும். பாடநூலில் வருவது கடலாகவோ நகரமாகவோ இருக்கலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குப் போகும் பாலம் மூன்று நாளில் கட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நாள்தோறும் இருபது நிமிடம் பாடலும் கட்டளைகளும் பொருள்களின் பெயர்களும் காதில் விழுவதே முதல் இரண்டு வகுப்புகளுக்கு முதன்மையானது. பொருள் தெரியாத வாக்கியத்தைப் பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சியாகலாம், மொழியைத் தராது.

வெள்ளிக்கிழமை சரிபார்ப்புக்கு உரியது; ஐந்து நாளிலும் ஆசிரியருக்கு அதுவே மிக முக்கியமான நாள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, இந்த வாரத்து இலக்கிலிருந்து இரண்டே கேள்வி: ஒரு வரி படிக்கச் சொல்வது, ஒரு கணக்கைச் செய்யச் சொல்வது. பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். முப்பது பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் படைப்புக் களத்தில் வரைந்து, வரைந்ததற்கு ஒரு சொல்லோ வரியோ எழுதுவார்கள். மீதி நேரம் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைப் படித்துக் காட்டவும், கதை சொல்லவும், ஆடவும் பாடவும். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் உள்ளே வந்து கேட்கலாம். சரிபார்ப்பில் தெரிந்ததை ஆசிரியர் ஒரே பக்கத்தில் எழுதுவார்: யார் யார் இலக்கைத் தொட்டார்கள், யார் தொடவில்லை, அடுத்த வாரம் யாருடன் முதலில் அமர வேண்டும். அந்தப் பக்கமே அடுத்த வாரத் திட்டம்.

எழும் ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், இப்படிப் போனால் பருவத்துக்குள் பாடம் முடியாது என்பது. பாடம் முடிவது என்றால் ஆசிரியர் கடைசிப் பக்கம் வரை நடத்துவதா, பிள்ளை அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதா என்று முதலில் தெளிவாக வேண்டும். முன்னது நடந்தும் பின்னது நடக்காததால்தான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக்குப்பின் தமிழ்நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரிடம் நடந்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதையும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் நேர்ந்ததையும் காட்டியது. விட்டதிலிருந்து பிடித்துக் கற்பித்தால் பின்தங்கல் நிரந்தரமாவதில்லை. அவ்வாறு செலவிடும் நேரம் பாடத்திட்டத்திலிருந்து களவாடப்பட்டதும் அல்ல. பிறகு பாடம் விரைவாக நகர்வதற்கான முதலீடு அதுவே.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: நிலைப்படிப் பிரித்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும். அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் அழகானவை. ஆனால் எது மேல், எது கீழ் என்று பிள்ளை உடனே புரிந்துகொள்ளும். தலைமுறைகளாகத் தாழ்த்திப் பேசப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் மூன்று காவல்கள் வேண்டும். நாளில் ஒரு மணி நேரம் எல்லாரும் கலந்தே அமர வேண்டும். தமிழ்க் குழு வேறு, கணக்குக் குழு வேறாக இருக்க வேண்டும். தமிழில் தயங்கும் பிள்ளை கணக்கில் முன்னே நிற்பது அடிக்கடி நடக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமைப் பக்கங்களைப் பார்த்துக் குழுக்களை மாற்றியாக வேண்டும். ஒரு பிள்ளைகூட இடம் மாறவில்லை என்றால் குறை கற்பித்தலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் காக்கப்படாத பள்ளியில் நிலைக்குழு தீங்குதான் செய்யும். அதை ஒப்புக்கொண்டே இந்த முறையைப் பரிந்துரைக்க முடியும்.

மூன்றாவது, சாமையும் கடுக்காயும் படித்தால் மலைப்பிள்ளை மலைக்குள்ளேயே நின்றுவிடும் என்ற கவலை. பெற்றோர் இதைச் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை வெளியுலகுக்குப் போகவே அவர்கள் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் வாரத்தின் இலக்கு சாமை அல்ல. ஆகாரக் குறியும் பத்துகளும்தான். அவை எங்கும் செல்லுபடியாகும். தெரிந்த பொருளில் தெரியாத எழுத்தைக் கற்பது எளிது. தெரியாத பொருளில் தெரியாத எழுத்து என்றால் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. வியாழக்கிழமைப் பாடநூல் பிள்ளையை மலைக்கு வெளியே அழைத்துப் போகிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் சமவெளிப் பள்ளிகளில் அதே வாரத்தைக் கரும்பையோ மக்காச்சோளத்தையோ வைத்து நடத்தலாம், இலக்கு அதுவேதான்.

நான்காவது, பதிவேடுகளின் சுமை. செயலியில் மதிப்பீடு, வருகை, எமிஸ் பதிவு என்று ஏற்கெனவே நேரம் தின்னப்படும் ஆசிரியரிடம் இன்னொரு பதிவேடு கேட்பது அநியாயம் என்பது சரியே. ஆகவே வெள்ளிக்கிழமைப் பக்கம் தனிப் பாடத்திட்டக் குறிப்பேட்டோடு கூடுதலாக இருக்கக் கூடாது. அதன் இடத்தில் இருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது நோட்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல், இரண்டு பிள்ளைகளை அழைத்துப் படிக்கச் சொல்லி, அது அந்தப் பக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே நேர்மையான மேற்பார்வை.

பள்ளி செய்ய வேண்டியது

இந்த முறை தனி ஆசிரியரின் உற்சாகத்தில் சில வாரம் ஓடி நின்றுவிடாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒன்று, தலைமையாசிரியர் அந்த நாள்தோறுமான கூட்டு மணியையும் குழு மணிகளையும் கால அட்டவணையில் எழுதி, விழா ஒத்திகைக்கோ புள்ளிவிவரம் அனுப்புவதற்கோ அவற்றைத் தொடாமல் காக்க வேண்டும். ஓர் ஆசிரியர் விடுப்பில் போனாலும் மற்றவர் வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்து வாரத்தைத் தொடர முடியும் என்பது இதன் கூடுதல் நன்மை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாலை நேரமும் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதும் வேலைக்குக் கொடுக்காமல் கதை வாசிப்புக்குக் கொடுக்கலாம். மற்றொன்று, குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் தங்கள் நான்கு வாரப் பக்கங்களைக் கொண்டுவந்து, எந்த இலக்கில் எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று சேர்ந்து பார்க்க வேண்டும். பத்துப் பள்ளிகளில் ஒரே இடத்தில் பிள்ளைகள் நின்றால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தைக் கற்பிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியரைக் கேட்பது நியாயமான கோரிக்கை, அது தொடர்ந்து கேட்கப்பட வேண்டும். ஆனால் அவர் வரும் வரை காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முதல் வகுப்பு கடந்துபோகிறது. வாரத்தை அலகாக்கும் வேலைக்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.